மற்றும் பலர்

பழைய தமிழ்ப் படங்களில் பெயர்கள் ஓடும்போது கடைசியாக இரண்டு சொல் வரும்: 'மற்றும் பலர்'. தியேட்டரில் அதை யாரும் படிச்சதில்லை. அதுக்குள்ள கதாநாயகன் வந்துடுவாரு, விசில் பறக்கும். எனக்கு அந்த இரண்டு சொல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ஆட்கள் மேலதான் ரொம்ப நாளா கண்ணு. அதுலயும் அறிவியல் புனைகதைகளில் வர்றவங்க மேல.

ஏன் அறிவியல் புனைகதைன்னா, அங்கே கூட்டம் இல்லாமல் ஒரு உலகமே நிற்காது. குடும்பக் கதையில் நாலு பேர் இருந்தால் வீடு வந்துவிடும். விண்கலத்துக்கு அப்படி முடியாது. நூத்துக்கணக்கான பேர் வேலை செய்கிற கப்பல் என்று நாம நம்பணும்னா, பின்னால யாரோ ஒருத்தர் பொத்தானை அமுக்கிக்கிட்டு இருக்கணும், வராந்தாவில் ரெண்டு பேர் நடந்து போகணும். நடக்கிறது அவங்க, நம்புறது நாம. பேரு மட்டும் கேப்டனுக்கு.

எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்ட 'ஸ்டார் ட்ரெக்' பலருக்கு ஞாபகம் இருக்கும். 1966-லிருந்து 1969 வரை 79 பகுதிகள் வந்த அமெரிக்கத் தொடர். அதில் எடி பாஸ்கி என்று ஒருவர். ஐம்பதுக்கும் மேற்பட்ட பகுதிகளில் வருகிறார். ரசிகர்கள் எல்லாருக்கும் தெரிந்த செக்கோவ், அதாவது வால்டர் கோனிக், வந்தது 36 பகுதிகளில்தான். அப்படியிருந்தும் பாஸ்கியின் பெயர் பெரும்பாலும் திரையில் வரவே இல்லை. அவர் ஏற்றது லெஸ்லி என்கிற அதிகாரி. ஒரு வாரம் கப்பலை ஓட்டுவார், அடுத்த வாரம் எஞ்சின் அறையில் நிற்பார், இன்னொரு வாரம் காவலராகத் துப்பாக்கியோடு வருவார். 1967 டிசம்பரில் வந்த 'அப்செஷன்' பகுதியில் ஒரு மேகப் பிராணி ரத்தத்தை உறிஞ்சி லெஸ்லியைக் கொன்றுவிடும். அதே பகுதியின் பின்பாதியில் பார்த்தால் மனுஷன் கப்பலுக்குள்ள நல்லாத்தான் நிற்கிறார்! பின்னணி ஆள்தானே, யார் கவனிக்கப் போறாங்கன்னு விட்டுருப்பாங்க. கவனிச்சவங்க இருந்தாங்க.

அதே தொடரில் எடித் கீலர் என்ற பெண் லாரி மோதிச் சாகும் காட்சி மிகவும் பேசப்பட்டது. அந்த ஒரு சாவில்தான் உலக வரலாறே திரும்பும். லாரியை ஓட்டியவரும் பாஸ்கிதான். இதில்லாமல், விளக்கு அமைக்கும்போது வில்லியம் ஷாட்னருக்குப் பதிலாக அதே இடத்தில் மணிக்கணக்காக நிற்கிறதும் அவர் வேலை. கடைசியில் அந்த விளக்கு வெளிச்சமே தலைவலி கொடுத்து, மூன்றாவது வருடத்தில் விலகிவிட்டார்.

இன்னொருவர் பில் பிளாக்பர்ன். 'ஷோர் லீவ்' பகுதியில் ஓடிவரும் வெள்ளை முயல் உடைக்குள் இருந்தவர். 'அரீனா' பகுதியில் கேப்டனோடு சண்டை போடும் பல்லி மனிதன் கோர்ன் ஒரே ஆள் கூட இல்லை. உடைக்குள் பாபி கிளார்க், கேரி கூம்ஸ் என்று மாறி மாறிச் சண்டைக் கலைஞர்கள் இருந்தார்கள், குரல் டெட் கேசிடி. பல பேர் சேர்ந்து ஒரு பல்லி. யார் பெயரும் அப்போது திரையில் இல்லை.

இதை வெறும் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. கணக்கு இருக்கு. அந்தக் காலத்தில் ஹாலிவுட்டில் நடிகர்களுக்கு ஒரு சங்கம், எக்ஸ்ட்ராக்களுக்குத் தனிச் சங்கம். எக்ஸ்ட்ரா ஒருவர் வாயைத் திறந்து வசனம் பேசினால் அன்றைக்கு அவருக்கு நடிகருக்கான கூலி கொடுத்தாகணும். அதனால் அவரைப் பேச விடமாட்டார்கள். கேப்டன் ஏதாவது உத்தரவு போட்டால் பின்னால் இருக்கிறவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்வதைப் பார்த்திருப்பீங்க. ராணுவ ஒழுக்கம் என்று நினைத்திருப்போம். சம்பளப் பட்டியல் ஆக்கும் அது. மறு ஒளிபரப்புக்கான பணமும் அப்படித்தான். முக்கிய நடிகர்களுக்கே முதல் சில தடவையோடு நின்றுபோனது. எக்ஸ்ட்ராக்களுக்கு அந்தச் சில தடவைகூடக் கிடையாது. தொடர் உலகமெல்லாம் பல பத்தாண்டுகள் ஓடியது. எக்ஸ்ட்ராக்கள் வாங்கினது அன்றாடக் கூலி மட்டும்.

சரி, நம்ம பக்கம்?

டிவி வருவதற்கு முன்பே நம்ம ஆட்கள் இந்தத் துறையில் இறங்கிவிட்டார்கள். 1952-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் ஓர் அமெரிக்க நிறுவனமும் சேர்ந்து எடுத்த படம் 'தி ஜங்கிள்', தமிழில் 'காடு'. இயக்குநர் வில்லியம் பெர்க். ராட் கேமரூன், மேரி விண்ட்ஸர், பின்னாளில் 'பேட்மேன்' டிவி தொடரில் ஜோக்கராக வந்த சீசர் ரொமேரோ நடித்தார்கள். நம்ம எம்.என். நம்பியாரும் உண்டு. இந்தியக் காட்டுக்குள் இன்னமும் ஆதிகால மாமத் யானைகள் உயிரோடு திரிகின்றன என்பது கதை. மாமத்துக்கு எங்கே போவது? நம்ம யானைகளுக்கே ரோமப் போர்வை போர்த்தி நிறுத்திவிட்டார்கள். இந்த வெயிலில்! அது போர்வையோடு அமைதியாக நிற்கணும், சொன்ன நேரத்தில் ஓடணும். பாகன் இல்லாமல் இது நடக்கவே நடக்காது. என் கணக்கில் படத்தின் அறிவியல் பகுதியே அவங்க கையில்தான் இருந்தது. படம் பற்றிய எந்தப் பட்டியலிலும் ஒரு பாகன் பெயரை நான் பார்த்ததில்லை. சீசர் ரொமேரோ பெயரைப் பார்க்காத பட்டியலும் இல்லை.

அப்புறம் 1963-ல் ஏ. காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி'. வேற்றுக்கிரகத்தில் எல்லாம் இருக்கு, இசைதான் இல்லை. அதனால் பூமியிலிருந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். காப்பாற்றப் போவது எம்.ஜி.ஆர். தூக்கிப் போவது, மறுபடியும் நம்பியார்! அந்தக் கிரகத்தின் காவலர்களும் அரண்மனைக் கூட்டமும் யாரென்று பார்த்தால், நம்ம 'மற்றும் பலர்'.

நம்ம ஊர் ஏற்பாடு அமெரிக்காவைவிட இன்னும் மங்கல். அங்கே தினசரி அழைப்புத் தாள், கூலிக் கணக்கு என்று ஸ்டுடியோ காகிதங்கள் மிஞ்சின. ரசிகர்கள் அதையும் காட்சியையும் ஒப்பிட்டு, 'அந்த முதுகு இன்னாருடையது' என்று கண்டுபிடித்தார்கள். இங்கே துணை நடிகர்களை அழைத்து வருவது ஏஜென்ட். தயாரிப்பு நிர்வாகிக்கு வேண்டியது தலை எண்ணிக்கை: நாளைக்கு ஆண் இத்தனை, பெண் இத்தனை. பெயர் ஏஜென்ட் மனசோடு சரி. நமக்கு மிஞ்சினது தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களும், பிலிம் நியூஸ் ஆனந்தன் மாதிரி ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த படங்களும் தகவல்களும்தான். பாட்டுப் புத்தகமும் ஓரளவுக்குக் கீழே இறங்காது.

இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்த பிறகு சிதறால் மலைக்குப் போனால் பாறையையே டைட்டில் கார்டாகத்தான் பார்க்கத் தோணுது. மார்த்தாண்டம் பக்கம் இருக்கிற சமண மலை, கல்வெட்டில் திருச்சாரணம். பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், சிலவற்றின் கீழே வட்டெழுத்து. அச்சணந்தி, உத்தணந்தி அடிகள், வீரணந்தி அடிகள் என்று செய்வித்தவர்களின் பெயர்கள். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கி குரத்திகள் என்ற பெண் துறவி பகவதிக்குப் பொன் அணிகலன் கொடுத்ததும் அங்கே பதிவாகியிருக்கு. ஒன்பதாம் நூற்றாண்டுப் பெண் ஒருவரின் பெயர் இன்னும் அழியவில்லை, பெரிய விஷயம்தான். ஆனா செய்வித்தவர் வேறு, செய்தவர் வேறு. உளி பிடித்தவன் பெயர் அந்த வரிகளில் இல்லை. தயாரிப்பாளர் பெயர் வந்துவிட்டது என்று சினிமாக்காரர்கள் சொல்வார்கள்.

பாஸ்கிக்குக் கொஞ்சம் தாமதமாகவாவது நடந்தது. ரசிகர்கள் அவரைத் தேடிப் பிடித்து மேடையேற்றினார்கள். தாங்களே எடுத்த ஒரு ஸ்டார் ட்ரெக் படத்தில் லெஸ்லியின் அப்பாவாக நடிக்கவும் வைத்தார்கள். 2021-ல் இறந்தபோது அவர் பெயரிலேயே இரங்கல் செய்தி வந்தது. 'காடு' படத்து யானைப் பாகர்களின் பேரப் பிள்ளைகள் எங்கேயாவது இருப்பார்கள். தாத்தா ஒரு தடவை யானைக்குக் கம்பளி போர்த்தி வெள்ளைக்காரனுக்குக் காட்டினார் என்று வீட்டில் ஒரு கதை இருந்தால், அது கட்டுக்கதை இல்லை.