முத்துப் பிள்ளைக்குப் பிறகு...

என் நாத்தனார் மகள் இந்தப் பொங்கலுக்கு இடுப்பில் குழந்தையோடு மூங்கில்துறைப்பட்டுக்கு வந்து இறங்கினாள். அவளைப் பார்த்ததும் 2018-இல் பட்ட பாடெல்லாம் கண் முன்னே வந்தது. நம் சகோதரிகளுக்கு உபயோகப்படுமே என்று எழுதுகிறேன்.

அப்போது அவளுக்கு மூன்றாம் மாசம். ஓயாத வாந்தி. வயிறோ ஐந்து மாசம் போல இருந்தது. "ரெட்டைப் பிள்ளைடி!" என்று நான்தான் சொன்னேன். ஸ்கேனில் பிள்ளையே இல்லை. நஞ்சு மட்டும் திராட்சைக் கொத்து மாதிரி வளர்ந்திருந்தது. முத்துப் பிள்ளை என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

சுத்தம் செய்து அனுப்பும்போது டாக்டரம்மா, "வாராவாரம் ரத்தப் பரிசோதனைக்கு வரணும். நான் சொல்ற வரைக்கும் கர்ப்பம் தரிக்கக் கூடாது" என்றார். இரண்டு தடவை போனாள். கரும்பு வெட்டு நேரம், கூடப் போக ஆளில்லை. "உடம்புதான் நல்லா இருக்கே, பஸ் செலவு எதுக்கு?" என்றேன். அந்த வார்த்தை இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

நாலு மாசத்தில் விட்டுவிட்டு உதிரப்போக்கு. பிறகு இருமல், சளியில் ரத்தம். காசநோய் என்று பயந்தோம். சளியில் கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் நுரையீரலில் உருண்டை உருண்டையாக நிழல். நுரையீரல் புற்றுநோய் என்று வீடே அழுதது.

புதுச்சேரி ஜிப்மருக்கு அழைத்துப் போனோம். அங்கே ஒரு டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியாக எப்போது கர்ப்பம்?" ரத்தத்தில் எச்.சி.ஜி. என்னும் கர்ப்ப ஹார்மோன் எக்கச்சக்கமாக இருந்தது. "இது நுரையீரலில் பிறந்த நோய் இல்லம்மா. நஞ்சுத் திசுவில் பிறந்து ரத்தத்தோடு போனது. பேர் கோரியோகார்சினோமா. பரவியிருந்தாலும் குணமாகும்" என்றார்.

நம்ப முடியவில்லை. ஆனால் அது உண்மைதான். செல் பெருகுவதற்குக் கீரையில் உள்ள ஃபோலிக் அமிலம் வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் மருந்து அதைப் போலவே வேஷம் போட்டு, நோய்ச் செல்லை ஏமாற்றுகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் நடத்திய ஆராய்ச்சியில் உருவான மருந்து அது. 1956-இல் லீ, ஹெர்ட்ஸ் என்ற இரு டாக்டர்கள், பரவிய இந்நோயை அதனாலேயே அடக்கிக் காட்டினார்கள். அதற்கு முன் பிழைத்தவர்கள் அபூர்வம். இன்று பெரும்பாலோர் குணமாகிறார்கள், கர்ப்பப்பையையும் எடுக்காமலே.

ஊசி போட்ட நாட்களில் வாயெல்லாம் புண். காரமில்லாத குழைந்த சாதம்தான் இறங்கியது. சத்து மாத்திரையைக்கூட டாக்டரைக் கேட்காமல் தரவில்லை. ஹார்மோன் சரியான பிறகும் சில ஊசிகள் போட்டார்கள். ஒரு வருஷம் காத்திருந்து, பிறகுதான் இந்தக் குழந்தை.

சகோதரிகளே, இவற்றை மறக்காதீர்கள்:

* முத்துப் பிள்ளை எடுத்த பின் டாக்டர் சொல்லும் வரை பரிசோதனையை நிறுத்தாதீர்கள். பெரும்பாலோருக்குத் தானே சரியாகிவிடும். யாருக்கு ஆகவில்லை என்பதை அந்தப் பரிசோதனைதான் சொல்லும்.
* அந்த மாதங்களில் கர்ப்பம் தரித்தால் ஹார்மோன் கூடியது நோயாலா, கர்ப்பத்தாலா என்று தெரியாது.
* இந்த நோய் கருச்சிதைவுக்கும், ஏன், சுகப் பிரசவத்துக்கும் பிறகுகூட வரலாம். உதிரப்போக்கு நிற்காமல் இழுத்தால் எச்.சி.ஜி. பார்க்கச் சொல்லுங்கள்.

"பஸ் செலவு எதுக்கு?" என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.