இருகை வீச்சாளர் டோனி முல்லேன்

அமெரிக்கரின் தேசிய விளையாட்டு பேஸ்பால். நம்மவர் அறிந்த கிரிக்கெட்டைப் போலவே இதிலும் ஒருவர் பந்து வீச, மற்றவர் மட்டையால் அடிப்பார். மட்டையாளருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிப்பவர், எவ்வகைப் பந்து வேண்டுமென்று விரலால் சைகை காட்டுவார். வீச்சாளர் அதற்கிணங்க வீசுவது வழக்கம். இந்தச் சைகையைப் பற்றியதே நாம் கூறவிருக்கும் வரலாற்றின் முக்கிய பகுதி.

டோனி முல்லேன் 1859-ல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் பிறந்தவர். பஞ்சத்துக்குப் பின் அயர்லாந்து மக்கள் கப்பல் கப்பலாக அமெரிக்கா சென்ற காலம் அது. குழந்தைப் பருவத்திலேயே அவரும் பெற்றோருடன் அங்குக் குடியேறினார். ஐரிஷ்காரர் என்றாலே முகஞ்சுளித்தவர்கள் அந்நாட்டில் அன்று பலர். எனினும் பேஸ்பால் களத்தில் திறமைக்குக் கூலி கிடைத்தது. 1881-ல் டெட்ராய்ட் அணியில் சேர்ந்த முல்லேன், மறு ஆண்டே லூயிவில் அணிக்காக 30 ஆட்டங்களை வென்றார். வலக்கை வீச்சாளரான இவர், அவ்வாண்டு ஓர் ஆட்டத்தில் இடக்கையாலும் வீசிக் காண்போரை வியப்பில் ஆழ்த்தினார். அந்நாளில் வீச்சாளர் கையுறை அணிவதில்லை. ஆகவே எந்தக் கையால் பந்து வருமென்று மட்டையாளர் அறிவது எளிதன்று! அழகிய தோற்றத்தால் 'அப்பல்லோ' என்னும் பட்டப்பெயரும் அவருக்கு வாய்த்தது.

1884-ல் அவர் டொலீடோ அணியில் ஆடினார். அவ்வணி வென்ற 46 ஆட்டங்களில் 36 அவர் வீசி வென்றவை. அங்கே பந்து பிடித்தவர்களுள் ஒருவர் மோசஸ் பிளீட்வுட் வாக்கர், கல்லூரியில் பயின்ற கறுப்பினத்தவர். முல்லேனின் வேகப் பந்துகளைப் பிடிப்பதே கடினம். வாக்கரோ, சைகைக்கு மாறாக வரும் பந்துகளையும் பிடிக்க வேண்டியிருந்தது. ஏனெனில் முல்லேன் அவருடைய சைகையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பல ஆண்டுகளுக்குப் பின், 1919-ல், முல்லேனே இதை ஒரு பத்திரிகையிடம் ஒப்புக்கொண்டார். தமக்குப் பந்து பிடித்தவர்களுள் வாக்கரே தலைசிறந்தவர் என்றும், கறுப்பினத்தவர் மீதிருந்த வெறுப்பாலேயே தாம் மனம்போனபடி வீசியதாகவும் அவர் கூறினார். வேற்று மண்ணிலிருந்து வந்து இழிசொல் கேட்ட இனத்தவர், அந்த மண்ணிலேயே பிறந்தவரை இவ்வாறு நடத்தினார் என்பது நமக்கு வருத்தமளிக்கிறது. அவ்வாண்டு விலா எலும்பு முறிந்து துன்புற்ற வாக்கர், அதன்பின் பெரிய லீக் ஆட்டங்களில் ஆடவில்லை. அதன் கதவு கறுப்பினத்தவருக்கு மீண்டும் திறந்தது 1947-ல், ஜாக்கி ராபின்சன் வந்தபோதுதான்.

முல்லேனுக்கும் ஒரு தண்டனை காத்திருந்தது. ஆனால் அது வேறு காரணத்துக்காக. செயின்ட் லூயிஸ் அணிக்கு வருவதாக ஒப்புக்கொண்டவர், அதிகப் பணத்துக்காகச் சின்சினாட்டி அணியில் கையெழுத்திட்டார். அதனால் 1885 முழுவதும் அவர் ஆடத் தடை விதிக்கப்பட்டது. முன்னும் பின்னுமாக ஐந்து ஆட்டப் பருவங்களில் ஆண்டுக்கு 30 ஆட்டங்களுக்குக் குறையாமல் வென்றவருக்கு இது பேரிழப்பே. 1894-ல் பெரிய லீக்கை விட்டு விலகியபோது அவருடைய வெற்றிகள் 284. அந்த ஓராண்டு வீணாகாதிருந்தால் 300-ஐத் தாண்டியிருப்பார் என்றே தோன்றுகிறது. பின்னர்ச் சிகாகோ நகரில் போலீஸ்காரராகப் பணிபுரிந்து, 1944-ல் அங்கேயே காலமானார்.