கோப்பை எங்க வீட்டுல... கோச் அடுத்த வீட்டுல! - ஹாதார்ன் ரசிகர்களின் தீராத கவலை

2016 செப்டம்பர் 16, வெள்ளிக்கிழமை இரவு. பாக்ஸிங் டே டெஸ்ட் நடக்குமே, அதே மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம். 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம். பழுப்பும் தங்க நிறமும் கலந்த ஸ்கார்ஃபைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்திருந்த ஹாதார்ன் ரசிகர்களுக்கு அன்று ஒரே கனவுதான். 2013, 2014, 2015 என வரிசையாக மூன்று கோப்பைகள் ஜெயித்தாகிவிட்டது. நான்காவதும் வந்துவிட்டால், அதைவிட வேறென்ன வேண்டும்?

வரவில்லை. எதிரணி வெஸ்டர்ன் புல்டாக்ஸ் 107 - 84 என ஹாதார்னை வெளியே அனுப்பியது. தோற்றதுகூட வலிக்கவில்லை, தோற்கடித்தது யார் என்பதுதான் வலித்தது. புல்டாக்ஸின் தலைமைப் பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜ், 2014 வரை ஹாதார்ன் கிளப்பில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். ஹாதார்னின் பலம், பலவீனம் இரண்டும் அத்துப்படி. வீட்டுச் சாவி வைத்திருந்தவரே வந்து கதவைத் திறந்துவிட்டது போல ஆகிவிட்டது.

ஆஸ்திரேலியக் கால்பந்து என்றதும் மெஸ்ஸி, ரொனால்டோ ஆடும் ஆட்டத்தை நினைத்துவிடாதீர்கள். அந்த ஊர்க்காரர்கள் செல்லமாக 'ஃபுட்டி' என்று அழைக்கும் இந்த ஆட்டம் வேறு. முட்டை வடிவப் பந்து, ஓவல் மைதானம், ஒரு பக்கம் 18 பேர். பந்தை உதைக்கலாம், கையால் குத்திக் கொடுக்கலாம், எதிராளியின் தோளில் ஏறிக்கூடப் பிடிக்கலாம். நடுவிலுள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி. கொஞ்சம் விலகிப் பக்கத்துக் கம்பத்துக்குள் போனால் 1 புள்ளி. இதன் உச்சப் போட்டித்தொடரான ஏ.எஃப்.எல்-லில் இப்போது 18 கிளப்புகள் ஆடுகின்றன. செப்டம்பர் கடைசியில் கிராண்ட் ஃபைனல் நடக்கும்போது மெல்பர்ன் நகரத்தில் வேறு எந்த வேலையும் ஓடாது.

இத்தனை பெரிய மைதானத்தில் 18 பேரை ஒருவரே கவனிக்க முடியுமா? முடியாது. அதனால்தான் முன்களத்துக்கு ஒருவர், நடுக்களத்துக்கு ஒருவர், தடுப்புக்கு ஒருவர் என உதவிப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். இவர்களை 'லைன் கோச்' என்பார்கள். எதிரணியின் வீடியோக்களைப் போட்டுப் பார்த்து அலசுவதற்கு ஆள் தனி. புதிதாக வந்த 18 வயதுப் பையனை வார்த்தெடுக்க 'டெவலப்மென்ட் கோச்' தனி. டி.வி கேமரா தலைமைப் பயிற்சியாளர் மேஜையைத் தட்டிக் கோபப்படுவதைத்தான் காட்டும். ஆனால், அந்தப் பையன் தினமும் உட்கார்ந்து பேசுவது லைன் கோச்சிடம். அவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பது முதலில் தெரிவதும் அவருக்குத்தான்.

அப்படி ஒருவர் கிளப்பைவிட்டுப் போகிறார் என்றால், ரசிகர்கள் ஏன் கலங்குகிறார்கள் என்பது இப்போது புரியும்.

ஹாதார்ன் கதையை 2004-லிருந்து பார்க்க வேண்டும். அந்த ஆண்டு இறுதியில் அலஸ்டர் கிளார்க்சன் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். ஒன்றுமில்லாமல் கிடந்த அணியை நான்கே ஆண்டுகளில் தூக்கி நிறுத்தினார். 2008 சீஸன் முழுக்க ஒரே ஒரு ஆட்டத்தில் மட்டும் தோற்றிருந்த ஜீலாங் அணியை, கிராண்ட் ஃபைனலில் 26 புள்ளிகளில் சாய்த்தார். தனித்தனி ஆளைப் பிடிக்காமல், கூட்டமாக இடத்தை அடைத்து நிற்கும் தடுப்பு முறையை அந்த ஆண்டு கிளார்க்சன் பயன்படுத்தினார். அதற்கு 'கிளார்க்கோவின் கிளஸ்டர்' என்றே பெயர் வந்தது.

அடுத்த ஆண்டே முதல் ஆள் கிளம்பினார். பெயர், டேமியன் ஹார்ட்விக். 2009 ஆகஸ்ட்டில் ரிச்மண்ட் கிளப் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தது. ஹாதார்னோ அந்த ஆண்டு ஃபைனல்ஸ் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. 'கோப்பை வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலை, அதுக்குள்ள ஆள் போறாங்களா?' என்ற பதைப்பு அப்போது ஆரம்பித்தது.

2012 முடிவில் லியோன் கேமரூன், புது அணியான ஜி.டபிள்யூ.எஸ் ஜயன்ட்ஸுக்குப் போனார். 2013-ல் ஃப்ரீமேன்டிலை 15 புள்ளிகளில் வென்று கோப்பையைக் கையில் எடுத்த சூட்டோடு, ஆடம் சிம்ப்சன் பெர்த் நகரத்து வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸின் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். 2014-ல் சிட்னியை 63 புள்ளிகளில் நொறுக்கிய பிறகு பெவரிட்ஜ். 2015-ல் பிரெண்டன் போல்டன், கார்ல்ட்டனுக்கு. 2016 முடிவில், கால்பந்துத் துறையை நிர்வகித்த கிறிஸ் ஃபேகன், பிரிஸ்பேன் லயன்ஸுக்கு. வெற்றி விழா முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் ஒருவர் பெட்டி கட்டிவிடுவார். கிளப்புக்கு 'குடும்ப கிளப்' என்று ஒரு பேர் உண்டு. குடும்பம் பெரிதானால் பிள்ளைகள் தனிக்குடித்தனம் போகத்தானே செய்வார்கள்?

போனவர்கள் சும்மா போகவில்லை என்பதுதான் சிக்கல்.

2015 கிராண்ட் ஃபைனலில் ஹாதார்னுக்கு எதிரே நின்றது சிம்ப்சனின் வெஸ்ட் கோஸ்ட். மூன்று வாரங்களுக்கு முன்பு இதே சிம்ப்சனின் அணி, பெர்த்தில் வைத்து ஹாதார்னை 32 புள்ளிகளில் வீழ்த்தியிருந்தது. ரசிகர்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது. நல்லவேளை, அன்று குருவே ஜெயித்தார். 46 புள்ளி வித்தியாசம். அந்தத் தப்பித்தல் அடுத்த ஆண்டு வரைகூடத் தாங்கவில்லை.

2016-ல் ஏழாவது இடத்திலிருந்து ஃபைனல்ஸுக்குள் நுழைந்த பெவரிட்ஜின் புல்டாக்ஸ் யார் யாரை வீழ்த்தியது என்று பாருங்கள். முதல் வாரம், சிம்ப்சனின் வெஸ்ட் கோஸ்ட். இரண்டாம் வாரம், கிளார்க்சனின் ஹாதார்ன். மூன்றாம் வாரம், வெறும் 6 புள்ளிகளில், கேமரூனின் ஜி.டபிள்யூ.எஸ். மூன்று எதிராளிகளும் ஒரே பள்ளிக்கூடம். கடைசியில் சிட்னியையும் 22 புள்ளிகளில் வென்று கோப்பை. 1954-க்குப் பிறகு, 62 ஆண்டுகள் காத்திருந்த புல்டாக்ஸ் ரசிகர்கள் தெருவில் நின்று அழுதார்கள். காயத்தால் ஆட முடியாமல் போன கேப்டன் பாப் மர்ஃபியை மேடைக்கு அழைத்து, தனக்குக் கிடைத்த பதக்கத்தைக் கழற்றி அவர் கழுத்தில் பெவரிட்ஜ் போட்ட காட்சியைப் பார்த்து, ஹாதார்ன் ரசிகர்களுக்கே கண் கலங்கியிருக்கும். பொறாமையும் கொஞ்சம் இருந்திருக்கும், தப்பில்லை.

2017-ல் ஹார்ட்விக்கின் ரிச்மண்ட் சாம்பியன். 2018-ல் சிம்ப்சனின் வெஸ்ட் கோஸ்ட், காலிங்வுட்டை 5 புள்ளிகளில் வென்று சாம்பியன். 2019 கிராண்ட் ஃபைனலில் ஹார்ட்விக்கும் கேமரூனும் நேருக்கு நேர்; ரிச்மண்ட் 89 புள்ளிகளில் ஜெயித்தது. 2020-லும் ரிச்மண்ட்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும். 2013 முதல் 2020 வரை எட்டு ஆண்டுகள், எட்டு கோப்பைகள். எட்டையும் வாங்கியவர்கள் கிளார்க்சன் அல்லது கிளார்க்சனிடம் வேலை பார்த்தவர்கள். 2024, 2025 ஆண்டுகளில் பிரிஸ்பேனுக்கு அடுத்தடுத்து கோப்பை வாங்கித் தந்தவர், ஏ.எஃப்.எல்-லில் ஒரு ஆட்டம்கூட வீரராக ஆடாத ஃபேகன். முதல் கோப்பையைத் தொட்டபோது அவருக்கு வயது 63!

ஹாதார்னுக்கு? 2015-க்குப் பிறகு ஒன்றுமில்லை. 2018-ல் நான்காவது இடம் வரை வந்து, ஃபைனல்ஸில் இரண்டு ஆட்டங்களையும் தோற்றது.

ஆள் போனதால்தான் அணி விழுந்ததா? அப்படி ஒரே காரணத்தில் முடிச்சுப் போட முடியாது. மூன்று கோப்பை ஜெயித்த வீரர்களுக்கும் வயது கூடியது. லூக் ஹாட்ஜ், சாம் மிட்செல், ஜோர்டன் லூயிஸ் போன்றவர்கள் ஒவ்வொருவராக வேறு அணிக்குப் போனார்கள். தவிர, உதவியாளர்கள் போய்க்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் ஹாதார்ன் வரிசையாகக் கோப்பைகளையும் வாங்கியது. ஆனாலும், ஒவ்வொரு முறையும் புது ஆளைத் தேடி, அவருக்கு முறையைப் பழக்கி, வீரர்களோடு ஒட்டவைக்கக் காலம் பிடிக்கும். ரசிகர்களின் கவலையை வெறும் புலம்பல் என்று தள்ளிவிடவும் முடியாது.

போகிறவர் எல்லாம் ஜெயிப்பதும் இல்லை. போல்டன் கதையே சாட்சி. 2014-ல் கிளார்க்சன் கில்லன் பாரே சிண்ட்ரோம் என்ற நரம்பு நோயால் படுத்தபோது, ஐந்து ஆட்டங்களுக்குப் பொறுப்பேற்றார் போல்டன். ஐந்திலும் வெற்றி. அந்த ஐந்து ஆட்டங்கள்தான் கார்ல்ட்டனின் கதவைத் திறந்தன. அங்கே போய் 77 ஆட்டங்களில் 16-ல் மட்டும் ஜெயித்து, 2019 ஜூனில் வேலையை இழந்தார். ஹார்ட்விக்கும் ரிச்மண்டில் முதல் ஒன்பது ஆட்டங்களில் வரிசையாகத் தோற்றவர்தான். அவருக்கு அந்த கிளப் ஏழு ஆண்டுகள் பொறுத்தது. போல்டனுக்கு நான்கு ஆண்டுகள்கூடக் கிடைக்கவில்லை.

இதில் கிளப்புக்கு என்ன ஆறுதல் என்று கேட்டால், கையை விரிக்க வேண்டியதுதான். ஒப்பந்தம் முடிந்து ஒரு நட்சத்திர வீரர் வேறு அணிக்குப் போனால், அதற்கு ஈடாக இளம் வீரர் தேர்வில் கூடுதல் வாய்ப்பு கிடைக்க வழி இருக்கிறது. பயிற்சியாளர் போனால் எதுவும் கிடையாது. ஒப்பந்தத்தைக் காட்டித் தடுக்கலாமே என்று தோன்றும். தலைமைப் பொறுப்புக்குப் போகிறவரைத் தடுப்பது அங்கே வழக்கமில்லை. தடுத்தால், நாளைக்கு நல்ல ஆள் யார் உங்களிடம் வேலைக்கு வருவார்?

சம்பளத்தைக் கூட்டிப் பிடித்துவைக்கவும் முடியாது. வீரர்களின் சம்பளம் தனிக் கணக்கு. பயிற்சியாளர்கள் உள்ளிட்ட கால்பந்துத் துறைச் செலவுக்கு 2015-லிருந்து உச்ச வரம்பு இருக்கிறது. தாண்டினால் அபராத வரி. கொரோனா வந்ததும் அந்த வரம்பை சுமார் 97 லட்சம் டாலரிலிருந்து 62 லட்சம் டாலராக வெட்டினார்கள். பல கிளப்புகளில் உதவிப் பயிற்சியாளர்கள் வேலை இழந்தார்கள். மிஞ்சியவர்களின் தலையில் இரண்டு பேர் வேலை. தலைமை நாற்காலிகள் மொத்தமே 18. வாய்ப்பு வரும்போது யாராக இருந்தாலும் கிளம்பத்தான் செய்வார்கள்.

இதே நோவு பிறகு ரிச்மண்டுக்கும் வந்தது. 2023-ல் இறுதிப் போட்டிக்கு முந்தைய ஆட்டத்தில் கிரெய்க் மெக்ரேயின் காலிங்வுட், ஆடம் கிங்ஸ்லியின் ஜி.டபிள்யூ.எஸ்-ஸை ஒரே ஒரு புள்ளியில் வென்றது. இருவருமே ரிச்மண்டில் ஹார்ட்விக்கிடம் வேலை பார்த்தவர்கள். மெக்ரே நடுவில் ஒரே ஒரு ஆண்டு, 2021-ல், ஹாதார்னிலும் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். காலிங்வுட் அழைத்தது, போனார், இரண்டாவது ஆண்டிலேயே கோப்பை வாங்கினார். ஹாதார்ன் ரசிகர்கள் சிரிப்பதா, அழுவதா?

இந்தக் கதையில் அவர்கள் அவ்வளவாகப் பேசாத ஒரு பக்கமும் உண்டு. 2004-ல் கிளார்க்சன் எங்கிருந்து வந்தார்? போர்ட் அடிலெய்டிலிருந்து. அந்த ஆண்டு மார்க் வில்லியம்ஸின் தலைமையில் போர்ட் அடிலெய்டு தன் முதல் ஏ.எஃப்.எல் கோப்பையை வென்றபோது, அங்கே உதவிப் பயிற்சியாளராக இருந்தவர் கிளார்க்சன்தான். அந்தக் கோப்பை அணியில் வீரராக ஆடிய ஹார்ட்விக்கையும் பிறகு ஹாதார்னுக்கு வரவழைத்துக்கொண்டார். அடிலெய்டில் அன்றைக்கு யார் வயிறு எரிந்ததோ!

2021-ல் கிளார்க்சனும் விடைபெற, இப்போது ஹாதார்னின் தலைமைப் பயிற்சியாளர் சாம் மிட்செல். நான்கு கோப்பைகளிலும் ஆடியவர். வெஸ்ட் கோஸ்டுக்குப் போய் ஒரு ஆண்டு வீரராக ஆடி, 2018-ல் சிம்ப்சனின் உதவியாளராகக் கோப்பையும் பார்த்துவிட்டு, 2019-ல் வீடு திரும்பியவர். அவர் கையில் இளம் அணி மீண்டும் துளிர்த்தது. 2024-ல் அரையிறுதிச் சுற்றில் போர்ட் அடிலெய்டிடம் 3 புள்ளிகளில் தோல்வி. 2025-ல் இன்னும் ஒரு படி மேலே போய் ஜீலாங்கிடம் தோல்வி.

அணி மேலே வர வர, பழைய கவலையும் கூடவே வருகிறது. 2028-ல் டாஸ்மேனியா டெவில்ஸ் என்ற 19-வது அணி ஏ.எஃப்.எல்-லுக்குள் நுழையப் போகிறது. புது கிளப் என்றால் பயிற்சியாளர் குழு முழுவதையும் எங்கிருந்தாவது சேர்த்தாக வேண்டும். அந்தத் தீவின் லான்செஸ்டன் நகரில்தான் ஹாதார்ன் பல ஆண்டுகளாகத் தன் உள்ளூர் ஆட்டங்களில் சிலவற்றை ஆடிவருகிறது. மிட்செலின் உதவியாளர்களை அந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.