பழமரபுக்கதையும் மறுபுனைவும்: ஐனோ கல்லாசின் ‘ஓநாயின் மணமகள்’

மனிதர் ஓநாயாக உருமாறுவதைக் கூறும் பழமரபுக்கதைகள் எசுத்தோனிய வாய்மொழி மரபில் மிகுதி. 17ஆம் நூற்றாண்டில் அந்நிலத்தில் அவை கதையளவில் நில்லாது, நீதிமன்றக் குற்றச்சாட்டுகளாகவும் உருக்கொண்டன. பின்லாந்து எழுத்தாளர் ஐனோ கல்லாஸ் (1878–1956) இம்மரபினை அடியொற்றி, 1928இல் ‘ஓநாயின் மணமகள்’ என்னும் குறும்புதினத்தைப் பின்னிய மொழியில் படைத்தார்.

கதை, 17ஆம் நூற்றாண்டின் ஹீயுமா தீவில் நிகழ்கிறது. வனக்காவலன் பிரீதிக்கின் மனைவி ஆலோ காட்டின் அழைப்புக்கு இணங்குகிறாள். பகலில் இல்லாளாகவும் இரவில் ஓநாயாகவும் வாழ்கிறாள். உண்மை வெளிப்பட்டபின் ஊரார் அவளைத் தீக்கிரையாக்குகின்றனர்.

நிகழ்ச்சிகளின் வைப்பில் கல்லாஸ் மரபைப் பெரிதும் மீறவில்லை. உருமாறியவள் இங்கும் அழிக்கப்படுகிறாள். மறுபுனைவின் திறம் எடுத்துரைப்பில் வெளிப்படுகிறது. கதைசொல்லி கிறித்தவ நோக்குடையவர். பழைய வரலாற்றுக் குறிப்பேடுகளை ஒத்த தொன்மையான நடையில் அவர் ஆலோவின் செயலைச் சாத்தானின் சூழ்ச்சியெனக் கண்டிக்கிறார். எனினும், அவள் ஓநாய்க் கூட்டத்தோடு காட்டில் ஓடித் திரியும் பகுதிகளில், அதே குரல் அவளது விடுதலை உணர்வையும் களிப்பையும் மறைக்க இயலாது வெளியிட்டுவிடுகிறது. இம்முரண், தீர்ப்பை வாசகரிடம் விடுகிறது: குற்றமுடையவள் ஆலோவா, அவளை எரித்த ஊரா?

அச்சமூட்டி எச்சரித்த கதை, இவ்வாறு பெண்ணின் தன்னுரிமை குறித்த வினாவாகிறது. பழமரபுக்கதையை மறுபுனைய அதன் முடிவை மாற்ற வேண்டுவதில்லை. அதைக் கூறும் குரலின் மீது ஐயம் எழச் செய்தலே போதும் என்பதை இப்படைப்பு காட்டுகிறது.