குளியலறையில் மயில்கழுத்து நிறம்

டோம்பிவிலியின் பழைய அடுக்குமாடிக் கட்டடங்களில் குளியலறை என்பது பெரும்பாலும் நான்கடி அகலமும் ஆறடி நீளமும் கொண்ட சிறு அறையாகும். ஒரு புறம் கதவு. எதிர்ப்புறம் தலைக்கு மேலே, டக்ட்டை நோக்கித் திறக்கும் கண்ணாடிச் சன்னல். மாதுங்காவிலும் செம்பூரிலும் வாடகைக்கு இருந்து, பின்னர் இங்கே சொந்த வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் பலவும் கட்டியவர் பதித்துத் தந்த வெள்ளை டைல்களோடுதான் காலம் கழித்தன. இப்போது அந்த டைல்கள் விரிசல் கண்டு, புதுப்பிக்கும் வேளை வந்திருக்கிறது. கடையில் கரும்பச்சையும் அரக்குச் சிவப்பும் கண்ணைக் கவர்கின்றன. ஆயினும், "சின்ன அறைக்கு வெளிர் நிறந்தான் பொருந்தும்" என்று யாரேனும் சொல்ல, மீண்டும் வெள்ளையே வீடு வந்து சேர்கிறது.

அந்த அறிவுரை பாதி உண்மை. நான்கு சுவர்களும் ஒரே அடர்நிறமாக இருப்பின், ஒரு சுவரின் ஒளி மற்றொன்றில் பட்டுத் திரும்பி நிறம் மேலும் அடர்ந்து தோன்றும்; அறை சுருங்கியது போலாகும். ஆனால் ஒரே ஒரு சுவர் அடர்ந்து, ஏனையவை வெளிறியிருந்தால் அவ்வாறு நேர்வதில்லை. நம் பெண்கள் இதை எப்போதோ அறிந்திருக்கின்றனர். காஞ்சிபுரப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை அதற்கு எதிர்நிறம், முந்தானையில்தான் முழு ஆடம்பரமும். குளியலறையின் முந்தானை, கதவைத் திறந்ததும் கண்ணில் படும் அந்த நான்கடிச் சுவரே. மயில்கழுத்து நிறமோ மாம்பழ மஞ்சளோ, அங்கே துணிந்து வைக்கலாம்.

மும்பைக்கு இத்துணிவு புதிதன்று. 1922-இல் இந்நகரில் தொடங்கப்பெற்ற பாரத் நிறுவனத்தின் வண்ணச் சிமெண்ட் டைல்கள் பல பழைய மாளிகைகளின் தரைகளில் இன்றும் மங்காதிருக்கின்றன. அவற்றை மிதித்து வளர்ந்த தலைமுறை, சுவரில் நிறம் என்றால் அஞ்சுவது சற்று வியப்புத்தான்.

எனினும் நிறம் எந்தப் பொருளில் அமைகிறது என்பதில் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவின் கோலர் நிறுவனம் 1927-இல் வாஷ்பேசின், தொட்டி முதலியவற்றை வண்ணங்களில் விற்கத் தொடங்கியது. பின்னாளில் மேலைநாடுகளில் பச்சைத் தொட்டியும் இளஞ்சிவப்புக் கழிகலமும் பெருகின; நாகரிகம் மாறியபோது அவற்றைப் பெயர்த்தெறிவதே பெருஞ்செலவாயிற்று. பேசினும் கழிகலமும் இருபதாண்டு நிற்பவை. அவை வெள்ளையாகவே இருக்கட்டும். டைல் அதற்கடுத்த நிலை. மேற்சுவரின் பெயிண்ட், கதவு, வாளி, துவாலை ஆகியவற்றை ஓரிரு ஆயிரம் ரூபாயில் மாற்றிவிடலாம். மனம் அடிக்கடி மாறுவோர் தம் துணிவை அவற்றில் காட்டுவது நலம்.

கணக்கையும் பார்ப்போம். நான்குக்கு ஆறடி அறையின் சுற்றளவு 20 அடி. ஏழடி உயரம் வரை டைல் பதித்தால், கதவைக் கழித்து ஏறத்தாழ 120 சதுர அடி. முந்தானைச் சுவர் மட்டும் 28 சதுர அடி. 300-க்கு 450 மில்லிமீட்டர் அளவுள்ள டைல் ஒன்று ஏறக்குறைய 1.45 சதுர அடி என்பதால், 20 டைல்கள் போதும். உடைவுக்கும் வெட்டுக்கும் சேர்த்து 22 வாங்கலாம். விலை உயர்ந்த டைலின் மீது ஆசையிருந்தால் அதை இந்த ஒரு சுவரில் தீர்த்துக்கொண்டு, மற்றவற்றுக்கு எளிய வெள்ளை டைல் வாங்குவதே சிக்கனம்.

கடையின் வெண்ணொளியில் நிறத்தை முடிவு செய்ய வேண்டா. மாதிரி டைல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதே சுவரில் சாய்த்து, இரவில் விளக்கைப் போட்டுப் பாருங்கள். மஞ்சள் ஒளி விளக்கில் நீலம் மங்கிப் பசுமை காட்டும். 6500 கெல்வின் வெண்விளக்கில் சிவப்பு உயிரிழக்கும். 4000 கெல்வின் விளக்கு இரண்டுக்கும் இடைப்பட்டது.

போர்வெல் நீர் வரும் கட்டடங்களில் கருநிறப் பளபளப்பு டைல், உப்புத் துளிகளை வெண்புள்ளிகளாகக் காட்டிக்கொடுக்கும். அங்கே நடுத்தர அடர்வுள்ள, பளபளப்பற்ற டைலே ஏற்றது. காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடி டைலை விரும்புவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அது சிமெண்டால் ஆனது; கழிப்பறை கழுவும் அமிலம் அதை அரித்துவிடும். குளிக்கும் இடத்தில் இடாமல், வாஷ்பேசினுக்கு முன்னுள்ள தரையில் இடலாம்.

நிறத்தைவிட முக்கியமான வேலை டைலுக்கு அடியில் இருக்கிறது. பழைய தரையைப் பெயர்த்தபின் நீர்க்கசிவுத் தடுப்பைச் சரிவரச் செய்து, வடிகுழாயை அடைத்து, 24 மணி நேரமேனும் நீரைத் தேக்கிவைத்து, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்த பின்னரே டைல் பதிக்க வேண்டும். கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி, கூரையைப் பார்க்க இசைவு பெற்றுவிடுங்கள். குளியலறையிலிருந்து கீழே கசிந்தால் அதைச் சரிசெய்யும் செலவு பொதுவாக வீட்டு உரிமையாளரையே சாரும். சொசைட்டிக்கும் எழுதி அனுமதி பெறுவது நல்லது. ஒப்பந்தக்காரருக்கு முழுத்தொகையையும் முன்னதாகத் தராமல், இந்தச் சோதனை முடிந்தபின் தருவதற்கென ஒரு பகுதியை நிறுத்திவையுங்கள். இயன்றவரை சூன் மாத மழைக்கு முன் வேலையை முடித்துவிட வேண்டும். புதுப்பூச்சு ஈரம் வற்றாமல் பெயிண்ட் அடித்தால் உரிந்து வந்துவிடும்.

செலவுக்கு வழி தேடுவோர், ஏற்கெனவே வீட்டுக்கடன் இருந்தால் அதன்மேல் கூடுதல் கடன் கிடைக்குமா என்று முதலில் வங்கியில் கேட்கலாம். அதன் வட்டி பெரும்பாலும் தனிநபர் கடனைவிடக் குறைவு. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டியில், பழைய வருமான வரிமுறையைத் தேர்ந்தவர்கள் ஆண்டுக்கு ரூ.30,000 வரை கழிவு கோர இடமுண்டு. அதற்கு ஒப்பந்தக்காரரின் ரசீதுகளும் வங்கியின் வட்டிச் சான்றும் தேவைப்படும்.

டைல் பெட்டியின் மேல் அச்சிட்ட ஷேட் எண், எல்லாப் பெட்டிகளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். ஒரே பெயருள்ள நீலமும் அடுத்த உற்பத்தியில் சற்று வேறுபடும். சுவரில் பதித்த பிறகு அந்த வேறுபாடு அழுத்தமாகத் தெரியும். மிஞ்சிய டைல்களைக் கழிவோடு எறியாமல் பரணில் வைத்திருங்கள். பத்தாண்டு கழித்து ஒரு குழாய் உடைந்தால், அந்த மயில்கழுத்து நிறத்தைக் கடையில் தேடிக் காண்பது அரிது.