மயில்துத்தம்

தாத்தாவின் பழைய பெட்டியில் நீலக் கட்டிகள் நிறைந்த புட்டி ஒன்று கிடைத்ததாகத் சிங்கப்பூரின் தேக்காவைச் சேர்ந்த வாசகி ஒருவர் எழுதியிருந்தார். அவர் சொல்லும் அடையாளங்கள் மயில்துத்தத்துக்கே பொருந்துகின்றன. சித்த மருத்துவத்தில் துருசு. வடமொழியில் மயிலின் கழுத்தைக் குறிக்கும் சிகிக்ரீவம். ஐரோப்பியரின் பழைய மருந்துக் கடைகளில் நீல விட்ரியால். எல்லாம் தாமிர சல்ஃபேட்தான்.

முதலாம் நூற்றாண்டு ரோமானியர் பிளினி, ஸ்பெயினில் இதை விளைவித்த விதத்தை எழுதியிருக்கிறார். துத்தம் கரைந்த மரத்தொட்டி நீரில் கல் கட்டிய கயிறுகளைத் தொங்கவிடுவார்களாம். கயிற்றில் கண்ணாடி மணிகளாகப் படியுமாம். உடன்குடிப் பக்கம் பானைக்குள் நூல் கட்டிப் பனங்கற்கண்டு விளைவிப்பதும் இதே வித்தைதான்.

என்னை மயக்குவது அந்த நீலம். ஒரு கட்டியைச் சோதனைக் குழாயில் காய்ச்சினால் அது வெளுத்துப் பொடியாகிவிடும். குழாயின் வாயருகே நீர்த்துளிகள் படியும். ஆறிய பொடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் போதும், நீலம் திரும்பிவிடும். ஒவ்வொரு தாமிர சல்ஃபேட் அலகோடும் ஐந்து நீர் மூலக்கூறுகள் கட்டுண்டு கிடக்கின்றன. அவை போனால் நிறமும் போகும்.

பிரான்சின் மெதோக் பகுதியில் வழிப்போக்கர்கள் திராட்சையைப் பறிக்காதிருக்கச் சாலையோரக் கொடிகளில் துத்தமும் சுண்ணாம்பும் தெளித்தார்கள். அந்தக் கொடிகளை மட்டும் பூஞ்சாண நோய் அண்டவில்லை என்பதைக் கவனித்தார் தாவரவியலாளர் மியார்தே. அவர் 1885இல் வெளியிட்ட போர்டோ கலவையை இந்தியாவின் காப்பி, பாக்குத் தோட்டங்களில் இன்றும் அடிக்கிறார்கள். கலவையில் இரும்புக் கத்தியை முக்கி எடுப்பார்கள். செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள்.

வாந்தி வரவழைக்க இதை உள்ளுக்குக் கொடுத்த காலமும் உண்டு. ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுப்பதால் கைவிட்டார்கள். ஆகவே வாசகி அந்தப் புட்டியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கட்டும். நாட்டு மருந்தென்று நாவில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வண்ணமீன்களின் வெண்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து விடுகிறோம். மீனுக்கு விடும் அளவிலேயே தொட்டியிலுள்ள இறாலும் நத்தையும் செத்துவிடும். அந்தத் தண்ணீரைத் தெருவோரக் கால்வாயில் கொட்டுவது பெருந்தவறு. கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர்க் கால்வாய் வேறு. லிட்டில் இந்தியாவின் மழைநீர் ரோச்சோர் கால்வாய் வழியாக மெரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அது நாம் குடிக்கும் தண்ணீர். தாமிரம் தனிமம், மட்கிப் போகாது, அடிச்சேற்றில் படிந்து கிடக்கும்.