ஊற்றுக்கண்ணில் பிறந்த ஆற்றின் மேல் ஒரு பலகைப் பயணம்

(அமைப்பியல் துறை, இரண்டாம் ஆண்டு)

ஹைட்ராலிக்ஸ் பாடத்தில் "மிதக்கும் பொருள்களின் சமநிலை" என்ற பகுதி நடந்தபோது நம் வகுப்பில் பாதிப் பேர் தூங்கினோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மெட்டாசென்டர், ஜி.எம்., பி.எம். என்று போர்டில் ஓடியதை நோட்டில் இறக்கி, பரீட்சையில் கக்கி, மறந்தும் போனோம். அந்தப் பாடத்தை நான் மறுபடி எடுத்துப் படித்தது அரியருக்காக இல்லை, ஒரு ஆற்றுக்காக!

சென்ற செமஸ்டர் லீவில் செல்போனில் ஒரு படம் பார்த்தேன். ஒரு ஆள் ஆகாயத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. அவருக்கு வெகு ஆழத்தில் வெள்ளை மணல், அசைகிற புல், மீன் கூட்டம். உற்றுப் பார்த்த பிறகுதான் அவர் ஒரு பலகையின் மேல் நிற்கிறார், பலகை தண்ணீரின் மேல் நிற்கிறது என்று புரிந்தது. தண்ணீர் அவ்வளவு தெளிவு! அப்பாவிடம் காட்டினேன். அப்பா கிணறு வெட்டுகிறவர். போர் வண்டி எங்கள் பக்கம் வந்தபிறகு பழைய கிணறுகளில் தூர் வாருவதும் சைடு போர் போடுவதும்தான் அவருக்கு வேலை. படத்தைப் பார்த்ததும், "இது மழைத் தண்ணி ஓடுற ஆறு இல்லடா. ஊத்துத் தண்ணி. ஊத்துக்கண்ணு மேல எங்கியோ இருக்கும் பாரு" என்றார். தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

நான் அங்கே போனதில்லை. இப்போதைக்குப் போகிற வழியும் இல்லை. படித்ததையும், நானே கணக்குப் போட்டுப் பார்த்ததையும்தான் எழுதுகிறேன்.

அந்த ஆற்றின் பெயர் சில்வர் ரிவர். அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தின் நடுப்பகுதியில், ஓக்காலா என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீளம் மொத்தமே சுமார் 8 கிலோமீட்டர்தான். மலையில் பிறக்கவில்லை, ஏரியிலிருந்தும் வரவில்லை. சில்வர் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்றுக் கூட்டத்திலிருந்து பிறந்த இடத்திலேயே முழு ஆறாகக் கிளம்புகிறது. அவற்றில் பெரிய ஊற்றுக்கு மாமத் ஸ்பிரிங் என்று பெயர். எல்லா ஊற்றும் சேர்ந்து நீண்ட காலச் சராசரியாக விநாடிக்குச் சுமார் 800 கன அடி தண்ணீரைக் கொடுத்திருக்கின்றன. மேட்டூர் நிலவரம் கேட்டுப் பழகிய நமக்குக் கன அடி புதிதல்ல. லிட்டரில் சொன்னால் விநாடிக்கு 22,000-க்கு மேல். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகளை வரிசையாக நிறுத்தினால் ஒவ்வொரு விநாடியும் கிட்டத்தட்ட இரண்டு லாரி நிரம்பும். அதுவும் பம்ப்செட் இல்லாமல், கரண்ட் இல்லாமல்!

எப்படி என்றால், ஃப்ளோரிடாவுக்கு அடியில் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. அதில் தேன்கூடு போல் ஓட்டைகளும் குகைகளும். மழைநீரில் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு கரைந்து லேசான அமிலமாகிறது. அது பாறையை லட்சக்கணக்கான ஆண்டுகளாக அரித்து வந்ததன் விளைவு. ஃப்ளோரிடன் அக்யூஃபர் எனப்படும் இந்த நிலத்தடி நீர்த்தொட்டி பக்கத்து மாநிலங்களின் அடியிலும் பரவியிருக்கிறது. மொத்தப் பரப்பு நம் தமிழ்நாட்டைப் போல் இரண்டு மடங்கு. மேட்டு நிலத்தில் பெய்யும் மழை மணலில் இறங்கிப் பாறைக்குள் சேர்கிறது. மேட்டில் உள்ள நீர்மட்டம் ஊற்று இருக்கும் பள்ளத்தைவிட உயரம். அந்த ஹெட் வித்தியாசம்தான் தண்ணீரைக் கீழேயிருந்து மேலே தள்ளுகிறது. பெர்னோலி சமன்பாட்டை எழுதி எழுதிக் கை வலித்ததே, அதன் விடை அங்கே கொப்பளித்துக்கொண்டிருக்கிறது.

தெளிவுக்குக் காரணமும் இதுவே. மணலிலும் பாறையிலும் புகுந்து வருவதால் வண்டல் கிடையாது, இலைச்சாறு கிடையாது. வெள்ளம் வந்து கலக்குகிற வழியும் இல்லை. பூமிக்குள் இருந்து வருவதால் வெப்பநிலையும் வருடம் முழுக்க 22, 23 டிகிரி செல்சியஸ்தான். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த ஆற்றை மேலிருந்து பார்க்கவேண்டும் என்ற ஆசை பழசு. 1870-களிலேயே படகின் அடியில் கண்ணாடி பதித்து ஆட்களைக் கூட்டிப்போனார்கள். இப்போது வந்திருப்பதுதான் பேடில் போர்டு. ஹவாய் தீவுகளில் அலைச் சறுக்குப் பலகையில் நின்றுகொண்டு துடுப்புப் போட்ட பழக்கம், 2000-க்குப் பிறகு உலகம் பூராவும் பரவி ஆறு, ஏரி என்று வந்துவிட்டது.

பலகை என்றதும் மரப்பலகை என்று நினைக்க வேண்டாம். பல பலகைகள் காற்றடைத்தவை. நீளம் 3.2 மீட்டர், அகலம் 80 செ.மீ., தடிமன் 15 செ.மீ. என்பது சாதாரண அளவு. மேல் துணிக்கும் கீழ்த் துணிக்கும் நடுவே ஆயிரக்கணக்கான நூல்களை இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதனால் காற்றடித்தால் பலூன் மாதிரி உப்பாது, தட்டையாகவே விறைத்து நிற்கும். கார் டயரில் உள்ளதில் பாதி அழுத்தம் இருந்தால் ஒரு ஆளைத் தாங்கும் கட்டைபோல் ஆகிவிடும். அடியில் வால் பக்கம் ஒரு துடுப்புச்சிறகு. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு துடுப்புக்கும் பலகை சுற்றிக்கொள்ளும்.

சரி, நின்றால் ஏன் கவிழவில்லை? ஒகேனக்கல் பரிசலிலேயே எழுந்து நின்றால் பரிசல்காரர் திட்டுவார். இங்கே வெறும் பலகையில் நிற்கிறார்கள். இதற்குத்தான் நான் நோட்டைத் திறந்தேன்.

ஆள் 70 கிலோ, பலகை 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 80 கிலோ. ஆக வெளியேறும் நீரின் கன அளவு 0.08 கன மீட்டர். பலகையைச் செவ்வகமாகக் கொண்டால் நீர்ப்பரப்பின் ஜடத்துவத் திருப்புத்திறன், நீளம் பெருக்கல் அகலத்தின் முப்படி வகுத்தல் 12. அதாவது சுமார் 0.137. இதை 0.08-ஆல் வகுத்தால் பி.எம். 1.7 மீட்டர். மிதப்பு மையம் பலகையின் அடியிலிருந்து இரண்டு செ.மீ. கூட இல்லை, அதை விட்டுவிடலாம். நிற்கிற ஆளையும் பலகையையும் சேர்த்த ஈர்ப்பு மையம் சுமார் 0.97 மீட்டர் உயரத்தில் வருகிறது. மெட்டாசென்டர் அதற்கு மேலே இருக்கிறது. ஜி.எம். 0.7 மீட்டருக்கு மேல். நிற்கலாம்! நிஜப் பலகை இரண்டு முனையும் கூர்ந்திருப்பதால் இதைவிடக் குறையும். ஆனாலும் பாஸ்.

இப்போது அகலத்தை மட்டும் 60 செ.மீ. ஆக்குங்கள். முப்படி என்பதால் பி.எம். சடாரென்று 0.72-க்கு இறங்கிவிடுகிறது. ஈர்ப்பு மையம் அதே 0.97. மெட்டாசென்டர் கீழே போய்விட்டது. ஆள் தண்ணீரில்! வெறும் 20 செ.மீ.தான் வித்தியாசம். புதிதாக ஏறுகிறவர்களை வழிகாட்டி முதலில் முட்டி போடச் சொல்வதும் இதனால்தான். ஈர்ப்பு மையம் இறங்கிவிடுகிறது. வழிகாட்டி இந்தக் கணக்கு போட்டிருப்பாரோ என்னவோ, "முட்டி போடு, தூரத்தைப் பார், காலைப் பார்க்காதே" என்று சொல்கிறார், அது போதும்.

2008-ல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை இந்தப் பலகையும் ஒரு கலம்தான் என்று முடிவு செய்தது. ஆகவே ஆளுக்கொரு உயிர்காக்கும் சட்டையும் விசிலும் வேண்டும். சில்வர் ரிவரில் நீந்துவதற்குத் தடை. நீந்துகிற ஆசை வந்தாலும், கரையில் வெயில் காய்கிற அலிகேட்டர் முதலைகளைப் பார்த்ததும் போய்விடும் என்று நினைக்கிறேன். அவை பொதுவாக மனிதனைக் கண்டால் ஒதுங்குகின்றன. தீனி போட்டுப் பழக்கினால்தான் பயம் விட்டுப்போய் நெருங்குகின்றன. ஃப்ளோரிடாவில் அலிகேட்டருக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். ஆகவே வழிகாட்டியின் வேலை வழி காட்டுவது மட்டும் அல்ல. ஆறு ஒன்றுதான், வழி தவற இடமில்லை. எதை எவ்வளவு தூரத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று சொல்வதே அவர் வேலை.

பலகையில் எஞ்சின் சத்தம் இல்லை. அதனால் ஆமைகள் கட்டையை விட்டுக் குதிப்பதில்லை. வேடந்தாங்கலில் கழுத்தை மட்டும் நீட்டி நீந்துகிற பாம்புத்தாராவின் சொந்தக்காரப் பறவை ஒன்று இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கிறது. நீர்நாய் தென்படும். ஊசிமூக்கு நீண்ட கார் மீன்கள் காலுக்கடியில் சும்மா மிதக்கின்றன.

திடீரென்று மரத்தில் குரங்கு! அமெரிக்காவில் ஏது குரங்கு? டார்ஜான் படம் எடுக்கக் கொண்டுவந்தது என்று ஒரு கதை உண்டு, அது சரியல்ல. 1930-களில் அங்கே படகுச் சவாரி நடத்திய கர்னல் டூயி என்பவர், பயணிகளைக் கவர ஆற்றின் நடுவே ஒரு தீவில் ரீசஸ் குரங்குகளை விட்டார். (கர்னல் என்பது பட்டமல்ல, அவர் பெயரே அதுதான்.) தீவைச் சுற்றித் தண்ணீர், எங்கே போகும் என்று நினைத்தார். ரீசஸ் குரங்கு நன்றாக நீந்தும் என்பது அவருக்குத் தெரியவில்லை! நீந்திக் கரையேறிப் பெருகிவிட்டன. இவை நம் வட இந்தியாவிலும் உள்ள இனம், நம்மூர்க் குரங்கு வேறு. இவற்றில் பலவற்றிடம் ஹெர்பிஸ்-பி என்ற கிருமி உண்டு. 2018-ல் இவற்றுக்குத் தீனி போடவும் தடை வந்தது.

எல்லாவற்றையும்விட எல்லோரும் பார்க்க ஏங்குவது மேனட்டீ. நம் பாக் ஜலசந்தியில் உள்ள கடற்பசுவின் உறவு. சுமார் 450 கிலோ எடை, சாப்பிடுவது புல். உடம்பு அவ்வளவு பெரிதாக இருந்தும் குளிர் தாங்காது. தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. மேலே சொன்ன 22 டிகிரி ஞாபகம் இருக்கிறதா? குளிர்காலத்தில் ஊற்றுகள்தான் அவற்றின் அடைக்கலம். ஆனால் சில்வர் ரிவருக்கு வருவது கொஞ்சமே. இந்த ஆறு ஓக்லவாகா ஆற்றில் சேர்கிறது. அதன் குறுக்கே 1968-ல் ராட்மன் அணை முடிந்தது. மாநிலத்தைக் குறுக்கே வெட்டிக் கப்பல் கால்வாய் போடுகிற திட்டத்துக்காகக் கட்டியது. கால்வாய் வேலையை 1971-ல் நிறுத்திவிட்டார்கள். அணை மட்டும் நின்றுவிட்டது. அணை கட்டுவது பற்றிப் படிக்கிற நாம், கட்டியதை என்ன செய்வது என்று ஒரு யூனிட்கூடப் படிப்பதில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். அந்தத் தெளிவைப் பார்த்து நான் ஏமாந்துபோனேன். தெளிவாக இருந்தால் சுத்தம் என்று நினைத்தேன். நைட்ரேட் கண்ணுக்குத் தெரியாது. இயற்கை நிலையில் இந்த ஊற்றுகளில் நைட்ரேட்-நைட்ரஜன் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமை ஒட்டித்தான் இருக்க வேண்டும். சில்வர் ஸ்பிரிங்ஸில் அது 1 மில்லிகிராமைத் தாண்டியது. ஊற்றுகளுக்கு மாநிலம் வைத்திருக்கும் வரம்பு 0.35. உரம், குதிரைப் பண்ணைச் சாணம், செப்டிக் டேங்க் எல்லாம் மணல் வழியே இறங்குகிறது. குடிநீர் கணக்கில் பார்த்தால் 1 மில்லிகிராம் ஒன்றுமே இல்லை. நம் என்விரான்மென்டல் லேபில் "பாதுகாப்பானது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம். ஆனால் ஆற்றுக்கு அது அளவுக்கு மீறிய சாப்பாடு. பாசி மண்டி, ரிப்பன் போன்ற நீர்ப்புல்லை மூடுகிறது. 1950-களில் ஹோவர்ட் ஓடம் என்ற விஞ்ஞானி இந்த ஊற்றில் சூரிய ஒளியிலிருந்து மீன் வரை சக்தி எப்படிப் போகிறது என்று அளந்து 1957-ல் வெளியிட்டார். பிற்பாடு வந்தவர்கள் அதே இடத்தில் அளந்தபோது மீன்கள் பெருமளவு குறைந்திருந்தன. அணையும் அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். ஊற்றின் நீர்வரத்தும் 2000-க்குப் பிறகு பல ஆண்டுகள் பழைய சராசரிக்கு வெகு கீழே இருந்தது. மழைக் குறைவு, நிலத்தடி நீரை இறைப்பது என்று காரணங்கள் சொல்கிறார்கள்.

பலகையில் நிற்கிறவர் கீழே பத்து மீட்டர் பார்க்கலாம். ஆற்றின் விதி நடப்பது அங்கே இல்லை. எங்கோ ஒரு மேட்டுத் தோட்டத்தில், ஒரு வீட்டுக் கொல்லையில். நல்ல வழிகாட்டி இதையும் சொல்லித்தான் கூட்டிப்போகிறார்.

இதை எழுதி முடித்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மெட்டாசென்டர் வந்த இடத்தில் கொட்டாவி விட்டார் (நம் வகுப்புதான்!). நைட்ரேட் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "இன்னைக்கு ஊத்துல வர்றது என்னைக்குப் பேஞ்ச மழைடா?" என்று கேட்டார். மறுபடி தேடிப் படித்தேன். பாறைக்குள் பெரிய குகை வழியாக வருவது சீக்கிரம் வந்துவிடும், சின்னச் சந்துகளில் கசிந்து வருவதற்குப் பத்தாண்டுகளும் ஆகும். இரண்டும் கலந்துதான் ஊற்றில் வருகிறது. அங்கே எல்லோரும் இன்றைக்கே உரத்தை நிறுத்தினாலும், நான் அப்பா வயசுக்கு வரும்போதுகூடப் பழைய உரம் கொஞ்சம் ஊறி வந்துகொண்டிருக்கலாம். அதைச் சொன்னேன். "அப்ப நம்ம கிணத்துக்கும் அதே கணக்குதான்" என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.